பின்பக்கம் எழுதாத படம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

பெங்களூரில் இருக்கும் என் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் 'என் சொந்த ஊர்' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார்களாம். சாயங்காலம் போன் செய்தான். "பாட்டி, ராஜபாளையம்னு போட்டுத் தேடினா வெள்ளையா ஒரு நாய் வருது. உங்க ஊருக்கு நாய் பேரா, நாய்க்கு ஊர் பேரா?" பக்கத்தில் அவன் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். பையன் கேட்டது நல்ல கேள்வி.

நாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளை ரோமமும் ரோஜா நிற மூக்குமாக நம் ஊர்ப் பெயரை உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பிராணி அது. 2005 ஜனவரியில் இந்தியத் தபால் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோள் நாய்களோடு நம்முடையதும் ஒன்றாக இருந்தது. மனிதர்களில் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவை இந்த ஊர் தந்தது. ஆனால் வெளியூரில் 'ராஜபாளையம்' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நாய்தான். தேடுபொறி மட்டும் என்ன செய்யும்? அதற்கு ஆறேழு எழுத்துக்கள் கிடைக்கின்றன. அந்த எழுத்துக்களுக்குப் பின்னால் இருப்பது ஊரா, நாயா, ரயில் நிலையமா, சட்டமன்றத் தொகுதியா என்று யாராவது சொன்னால்தானே அதற்குத் தெரியும்?

யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். அதற்கென்று ஒரு முறையே இருக்கிறது என்று கணினித் துறையில் இருக்கும் என் மாணவன் ஒருவன் விளக்கினான். ஒன்றரை மணி நேரம் போனில் பாடம் எடுத்தான். நாலாம் வகுப்பில் அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாட்டுக்கு இது வட்டி என்று வைத்துக்கொண்டேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு நினைவிருக்கிறதா? உங்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது, அதை எழுதி எழுதி விரல் தேய்ந்தவள் நான். வரிசை எண், மாணவர் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு வருஷம் ஒரே வகுப்பில் மூன்று மாரியப்பன்கள் இருந்தார்கள். பெயர்க் கட்டத்தை மட்டும் பார்த்தால் மூவரும் ஒருவரே. பக்கத்துக் கட்டத்தில் தகப்பனார் பெயரும், கடைசிக் கட்டத்தில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்பதும் இருந்ததால்தான் மாற்றுச் சான்றிதழ் சரியான மாரியப்பனுக்குப் போனது. அதே விவரங்களை ஒரு கடிதம் மாதிரி நீளமாக எழுதி வைத்திருந்தால் படித்துப் பார்த்துத் தேட வேண்டும். கட்டத்தில் இருந்ததால் விரலை வைத்துக் கீழே இறக்கினால் போதும்.

இணையப் பக்கங்கள் பிறந்தபோது கடிதமாகத்தான் பிறந்தன. 1990 வாக்கில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்டிஎம்எல் மொழிக்கு, இது தலைப்பு, இது பத்தி, இதைத் தட்டினால் வேறு பக்கம் போகும் என்பதைச் சொல்லத் தெரியும். உள்ளே இருப்பது என்ன பொருள் என்பதைச் சொல்லத் தெரியாது. ஒரு பால்கோவாக் கடைப் பக்கத்தில் '240' என்று இருக்கிறது என்று வையுங்கள். நமக்குப் பார்த்ததும் தெரியும். இயந்திரத்துக்கு அது விலையா, எடையா, கதவு எண்ணா, பஸ் நம்பரா? 'இது விலை, இது ரூபாயில், இந்தப் பொருளுக்கு' என்று பக்கத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சீட்டு ஒட்டிவைப்பதுதான் என் மாணவன் சொன்ன முறை. படிக்கிற மனிதருக்கு அந்தச் சீட்டு தெரியாது. தேடுபொறி மட்டும் படித்துக்கொள்ளும். 'கட்டமைக்கப்பட்ட தரவு' என்று தமிழில் சொல்கிறார்களாம். எனக்கு அது பதிவேட்டுக் கட்டம்தான்.

அவன் இதைப் புதுசு என்று சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது. புதுசா? நம் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள் இதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாளே!

மார்கழியில் தினம் ஒன்றாகப் பாடுகிறோமே, திருப்பாவை. அதன் கடைசிப் பாட்டை நினைத்துப் பாருங்கள். பாடியவள் பெயர் கோதை என்று இருக்கும். அவள் தகப்பனாரின் பட்டப்பெயர் இருக்கும். ஊரின் பெயர் இருக்கும். மொத்தம் எத்தனை பாட்டு என்ற கணக்கும் இருக்கும், முப்பது. ஆசிரியர், தந்தை, ஊர், எண்ணிக்கை. பாட்டுக்கு உள்ளேயே நாலு கட்டம். ஏடு வேறு, பாட்டு வேறாகப் பிரிந்து போனாலும் சீட்டு தொலைந்து போகாதபடி பாட்டோடு வைத்துத் தைத்துவிட்டாள். எண்ணிக்கை ஏன் என்று முன்பெல்லாம் யோசித்ததில்லை. ஏட்டைப் படியெடுப்பவன் ஒரு பாட்டை விட்டுவிட்டால் இருபத்தொன்பதுதானே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். தலை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரி.

ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பாட்டில் ஊரின் பெயர் 'புதுவை' என்று வரும். அது வில்லிபுத்தூர். இன்றைக்குப் புதுவை என்று தேடினால் பாண்டிச்சேரி வரும். பேரனுடைய நாய்ப் பிரச்சினை ஆண்டாளுக்கும் இருக்கிறது!

இப்படிக் கடைசிப் பாட்டில் முகவரி எழுதும் பழக்கத்தால் ஒரு பெரிய புதையலே மீண்டதாக வைணவ குருபரம்பரைக் கதை சொல்கிறது. காட்டுமன்னார்கோவிலில் நாதமுனிகள் இருந்தார். அங்கே கோவிலுக்கு வந்த யாத்திரிகர்கள் குடந்தைப் பெருமாள் மேல் நம்மாழ்வார் பாடிய பத்துப் பாட்டைப் பாடினார்கள். மற்றவர்கள் உருகிக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நாதமுனிகள் கடைசிப் பாட்டைக் கவனித்தார். பாடியவர் குருகூர்ச் சடகோபர் என்று அதில் இருந்தது. ஆயிரத்துள் இவை பத்து என்ற கணக்கும் இருந்தது. அப்படியானால் மீதி 990 எங்கே? யாத்திரிகர்களுக்குத் தெரியவில்லை. ஊர்ப் பெயர் கையில் இருந்ததால் கிளம்பிக் குருகூருக்கே, இன்றைய ஆழ்வார்திருநகரிக்கே, போனார். அங்கே மதுரகவியின் வழிவந்த ஒருவர் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதச் சொன்னார், ஓதினார், நாலாயிரமும் கிடைத்தன என்று கதை முடியும். ஓதியதால் கிடைத்ததா, ஊர் ஊராகத் தேடியதால் கிடைத்ததா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். என் கண்ணில் படுவது ஒன்றுதான். பத்துப் பாட்டோடு ஆசிரியர் பெயரும், ஊரும், மொத்த எண்ணிக்கையும் சேர்ந்து வந்திராவிட்டால் தேடவேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

சங்கப் பாட்டுத் தொகுத்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அகநானூற்றில் 400 பாட்டு. தொகுத்தவர் உருத்திரசன்மர் என்று சொல்லப்படுகிறது. அவர் செய்த வேலையைப் பாருங்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண் வந்தால் பாலைத்திணை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 இல் முடிந்தால் முல்லை. 6 இல் முடிந்தால் மருதம். பத்து, இருபது என்று சுழியில் முடிந்தால் நெய்தல். 237ஆம் பாட்டு எந்தத் திணை என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லலாம். பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40 என்று கூட்டினால் 400 சரியாக வரும். பாட்டு எண்ணே அதன் வகையைச் சொல்லும்படி செய்திருக்கிறார். நான் ஆசிரியர் பயிற்சியில் படித்தபோது எங்கள் தமிழம்மா இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அன்றைக்கு அது மனப்பாடம் செய்ய வசதி என்று நினைத்தேன். கணக்குத் தெரிந்த ஆளின் வேலை அது என்று இப்போது படுகிறது.

புறநானூற்றில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் திணை, துறை, யாரை யார் பாடியது, எந்தச் சந்தர்ப்பத்தில் என்ற குறிப்பு இருக்கிறது. பாட்டைப் பாடியவர்கள் எழுதியது இல்லை, பிறகு தொகுத்தவர்கள் சேர்த்தது. உ.வே. சாமிநாதையர் 1894இல் அதை அச்சிட்டபோது அந்தக் குறிப்புகள்தான் பாட்டுக்குப் பாதி உயிர். பாட்டில் ஒரு அரசனைப் பற்றி உருக்கமாக இருக்கும். அவன் யார் என்று கீழே எழுதியிருந்தால் சரித்திரம் ஆகும். குறிப்புச் சிதைந்து போன பாட்டுக்களில் உருக்கம் இருக்கிறது, ஆள் இல்லை.

ஆசிரியர் பெயரே கிடைக்காத இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டத்தைக் காலியாக விட மனசு வரவில்லை. பாட்டில் வரும் அழகான ஒரு சொற்றொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்மண்ணில் மழைத்தண்ணீர் கலக்கிற உவமையைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார் ஆனார். தேய்ந்து போன பழைய கயிற்றை இரண்டு யானை இழுப்பதைச் சொன்னவர் தேய்புரிப்பழங்கயிற்றினார் ஆனார். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிற ஒரு காதல் பாட்டை எழுதியவருக்கு அவர் அம்மா வைத்த பெயர் நமக்குத் தெரியாது. இதை எழுதும்போது எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கோவில் கல்வெட்டுக்களும் கட்டம் போட்ட படிவங்கள்தான். அரசன், ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்தது, சாட்சி. விரித்தால் தனிப் பதிவு ஆகிவிடும்.

நம் காலத்துக்கு வருவோம். கட்டம் போடுவதையே ஒரு சாத்திரமாக ஆக்கிய மனிதர் நம்மைப் போல ஒரு வாத்தியார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனார். நூலகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பிள்ளைகள் சத்தத்தில் இருந்து பழகியவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றாராம். (ஓய்வு பெற்ற முதல் மாசம் நானும் அப்படித்தான் இருந்தேன்.) முதலில் இங்கிலாந்து போய் நூலகப் படிப்புப் படித்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்ப்போம் என்றார்கள். போனார்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். இரும்புப் பட்டை, சக்கரம், திருகாணி எல்லாம் தனித்தனியாக ஒரு பெட்டியில் இருக்கும். அதையே மாற்றி மாற்றி முடுக்கினால் பாலம், கிரேன், வண்டி என்று எது வேண்டுமானாலும் செய்யலாம். அவருக்குப் பொறி தட்டியது அங்கேதான். அதுவரை புத்தகங்களை வகைப்படுத்த அமெரிக்கர் மெல்வில் டூயி 1876இல் போட்ட பத்துப் பத்தான கட்டங்கள் புகழ்பெற்றிருந்தன. ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்கூட்டியே ஒரு மாடம் இருக்கும், அதில் கொண்டுபோய்ச் செருக வேண்டும். ரங்கநாதன் மாடம் கட்டவில்லை. உறுப்புக்களைக் கொடுத்தார். புத்தகம் எதைப் பற்றியதோ அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, நடுவில் முக்காற்புள்ளி வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். 1933இல் அது 'கோலன் பகுப்பு முறை' என்று நூலாக வந்தது. கோலன் என்றால் முக்காற்புள்ளிதான். பின்னாளில் அந்த உறுப்புக்களை ஐந்து முகமாக வகுத்தார். மையப் பொருள் எது, எதனால் ஆனது, அதற்கு என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. 'தஞ்சாவூரில் 1930களில் நெற்பயிருக்கு வந்த நோய்' என்று ஒரு புத்தகம் இருந்தால் நெல் ஒரு முகம், நோய் ஒரு முகம், தஞ்சாவூர் ஒன்று, காலம் ஒன்று. நெல் என்று தேடி வருபவனுக்கும் கிடைக்கும், தஞ்சாவூர் என்று தேடி வருபவனுக்கும் கிடைக்கும்.

1931இல் அவர் எழுதிய ஐந்து நூலக விதிகளை எல்லாரும் பாராட்டுவார்கள். எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்கிற விதி. வாசகருக்குப் புத்தகம் என்று எல்லாரும் சொல்வார்கள். இவர் அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கிற புத்தகத்தின் பக்கம் நின்று பேசுகிறார். பின் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வாத்தியார் பேசுவது போல இருக்கும். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவருடைய உழைப்பு பெரிது.

இணையம் வந்தபோது முதலில் இந்தச் சாத்திரத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பிறகு சொற்பட்டியல் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பக்கத்தின் தலைமாட்டில் 'இது இன்ன இன்னதைப் பற்றியது' என்று ஆசிரியரே ஒளித்து எழுதிவைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் மனிதர்கள் என்ன செய்தார்கள்? செருப்புக் கடைக்காரர் பட்டியலில் நடிகை பெயர், கிரிக்கெட், தங்கம் விலை என்று கூட்டம் வருகிற சொல்லை எல்லாம் திணித்தார்கள். விடைத்தாளில் தெரிந்ததை எல்லாம் எழுதி வைத்தால் ஏதாவது ஒன்றுக்கு மார்க் விழும் என்று நினைக்கிற புத்தி. 2009 செப்டம்பரில் கூகுள், தரவரிசைக்கு அந்தப் பட்டியலைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பொய் எழுதியவர்களால் உண்மை எழுதியவர்களுடைய சீட்டும் குப்பைக்குப் போனது.

அடுத்து வந்த முயற்சியில் நமக்குக் கொஞ்சம் உறவுள்ள பெயர் ஒன்று இருக்கிறது. இராமநாதன் வி. குகா. சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். உலக அறிவு முழுவதையும் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க டக் லெனட் என்பவர் 1984இல் தொடங்கிய 'சைக்' என்ற திட்டத்தில் வேலை பார்த்தார். 'தண்ணீர் நனைக்கும்', 'தாய் பிள்ளையைவிட மூத்தவள்' என்கிற ரகமான விஷயத்தை எல்லாம் உட்கார்ந்து எழுதுகிற திட்டம். ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலை! பிறகு ஆப்பிளிலும் நெட்ஸ்கேப்பிலும் இருந்தபோது இணையப் பக்கங்களுக்குச் சீட்டு ஒட்டும் முறைகளை உருவாக்கினார். ஆர்டிஎஃப் என்ற முறை 1999இல் உலகத் தரமாக அறிவிக்கப்பட்டதில் அவர் பங்கு உண்டு. செய்திகளைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் அதே வருஷம் அவர் கையில் பிறந்தது.

ஆனாலும் ஆளுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். ஒருவர் 'விலை' என்று எழுதினால் இன்னொருவர் 'தொகை' என்பார். தேடுபொறிக்காரர்களும் தனித்தனிப் படிவம் கேட்டார்கள். கடைசியில் 2011 ஜூன் 2ஆம் தேதி கூகுளும் மைக்ரோசாஃப்டின் பிங்கும் யாஹூவும் சேர்ந்து ஒரே பதிவேட்டை ஒப்புக்கொண்டன. அதன் பெயர் ஸ்கீமா டாட் ஆர்க். அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர், அப்போது கூகுளில் இருந்த குகா. கொஞ்ச மாதத்தில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்தது. ஒருவரோடு ஒருவர் அன்றாடம் போட்டி போடுகிறவர்கள் கட்டத்தின் தலைப்பில் மட்டும் ஒத்துப்போனார்கள். எனக்கு இதுதான் இந்தக் கதையில் பெரிய ஆச்சரியம். மூன்று பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்களை ஒரு வினாத்தாளுக்கு ஒத்துக்கொள்ள வைப்பதே எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு அதில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஊர், பள்ளி, கடை, புத்தகம், சமையல் குறிப்பு, நிகழ்ச்சி, மனிதர். ஒவ்வொரு வகைக்கும் உரிய கட்டங்கள். அதில் இரண்டு கட்டம் நமக்கு ரொம்ப உபயோகம். ஒன்று, 'வேறு பெயர்'. ராஜபாளையம், இராசபாளையம், ராஜபாளயம். ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர் என்று எத்தனை விதமாக எழுதினாலும் ஒரே இடத்தில் கட்டிப்போடலாம். இன்னொன்று, 'இதுவும் அதுவும் ஒன்றே'. விக்கிப்பீடியாவின் தம்பியாக 2012 அக்டோபரில் பிறந்த விக்கித்தரவு, உலகில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுக்கிறது. ஊருக்கு ஒரு எண், நாய்க்கு வேறு எண். அந்த எண்ணைச் சுட்டிக்காட்டி 'நான் சொல்வது இந்த ராஜபாளையத்தை' என்று பக்கத்தில் எழுதிவிடலாம். அங்க அடையாளம் மாதிரி! கூகுளும் 2012 மே மாதம் முதல், எழுத்துக்களைத் தேடாமல் பொருள்களைத் தேடுகிறோம் என்று சொல்லி, ஊர் பெயரைப் போட்டால் வலது பக்கம் ஒரு பெட்டியில் விவரம் காட்டத் தொடங்கியது.

நம் மாணவர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். நம் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்குப் பிறகு மகன் யோசனையில் இணையப் பக்கம் போட்டார். கடைப் பெயர், விலை, நேரம் எல்லாவற்றையும் ஒரே அழகான படமாக வரைந்து போட்டுவிட்டார்கள். தேடினால் கடை வரவே இல்லை. என் பெங்களூர் வாத்தியார்-மாணவனிடம் கோர்த்துவிட்டேன். எழுத்தை எழுத்தாகவே போட்டு, அடியில் ஜேசன்-எல்டி என்ற வடிவத்தில் இருபது வரி எழுதிக் கொடுத்தான். வகை: கடை. பெயர், முகவரி, போன், திறக்கும் நேரம், வாராந்திர விடுமுறை. இப்போது கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தேடினால் வருகிறது. 'முதல் இடத்தில் வருமா டீச்சர்?' என்று கேட்டார். வராது. சீட்டு ஒட்டினால் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். தரவரிசை உயரும் என்று தேடுபொறிகள் வாக்குக் கொடுப்பதில்லை. இல்லாத ஐந்து நட்சத்திரத்தை எழுதி ஒட்டினால் தண்டனையும் உண்டு. அதையும் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு குறையும் இருக்கிறது. கட்டத்தை யார் போடுகிறார்களோ அவர்கள் ஊர் வழக்கம்தான் கட்டமாகும். 'மனிதர்' என்ற வகையில் தன் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான் இருக்கிறது. என் மகனுடைய பாஸ்போர்ட்டில் அவன் தாத்தாவைப் போல என் வீட்டுக்காரர் பெயரும் இடம் மாறி, அமெரிக்காவில் எல்லாரும் அவனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அகநானூறு தொகுத்தவர் கையில் இந்தப் பதிவேட்டைக் கொடுத்திருந்தால் தன் பெயர், தந்தை பெயர், ஊர் என்று போட்டிருப்பார். மதுரை மருதன் இளநாகனார் மாதிரி ஊரையும் சேர்த்துச் சொல்வதுதானே நம் வழக்கம்.

சரி, வயிற்றில் என்னவோ செய்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். இது சொந்தக்காரர்களுக்கு.

நம் வீட்டில் தாத்தாவுடைய படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மில் தொழிலாளர்கள் கூட்டமாக எடுத்துக்கொண்டது. 1950ஐ ஒட்டி இருக்கும். நாலு வரிசையில் 43 பேர். நான் எண்ணியிருக்கிறேன். எல்லாரும் வெள்ளைச் சட்டை, எல்லாரும் விறைப்பாக நிற்கிறார்கள். நான் பிறப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா ஒரு தடவை விரலை வைத்து 'இந்தா, இதுதான் உன் தாத்தா' என்று காட்டினார். அவர் விரல் நினைவிருக்கிறது. அது எந்த முகத்தின் மேல் இருந்தது என்று நினைவில்லை.

பெரிய அண்ணன் இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் என்கிறார். சின்ன அண்ணன் அதே வரிசையில் ஆறாவது ஆள் என்கிறார். இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. நான் இரண்டு முகத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கு அப்பாவின் காது. இன்னொருவருக்கு அப்பாவின் நெற்றி. படத்தின் பின்பக்கத்தைத் திருப்பினால் ஸ்டுடியோ முத்திரைகூட இல்லை. வெறும் பழுப்பு.

போன வருஷம் இந்தப் படத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினோம். கோப்பின் பெயர் 'ஸ்கேன் 0017'. மற்ற 42 பேருக்கும் ராஜபாளையத்திலோ எங்கேயோ பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களும் தேடிக்கொண்டிருக்கலாம். அவர்கள் தாத்தா பெயரைப் போட்டுத் தேடினால் 'ஸ்கேன் 0017' எப்படி வரும்? பெங்களூர்க்காரன் சொல்கிறான், பெயர் மட்டும் கொடுங்கள் டீச்சர், யார் எந்த வரிசையில் எத்தனையாவது, எந்த மில், எந்த வருஷம் என்று ஒவ்வொரு தலைக்கும் ஒரு கட்டம் போட்டுத் தருகிறேன் என்று. கட்டம் தயார். நிரப்ப ஆள் வேண்டும்.

ஒரே ஒருவர் இருக்கிறார். மம்சாபுரத்து அத்தை. தாத்தா இறக்கும்போது அவருக்குக் கல்யாண வயது, தாத்தாவுக்குத் தினமும் மில்லுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனவர். கூட வேலை பார்த்தவர்களையும் தெரியும். இத்தனை நாள் அவரிடம் ஏன் கேட்கவில்லை என்றால், அண்ணன்மார் இருவரும் தங்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டார்கள், அப்புறம் அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. போன மாதம் ஆபரேஷன் முடிந்து இப்போது பேப்பர் தலைப்பு வாசிக்கிறார். ஆனால் நினைவு முன்பு மாதிரி இல்லை. காலையில் தெளிவு, மத்தியானத்துக்கு மேல் என்னையே 'யாரு தாயி நீ' என்கிறார்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு அங்கே இருக்கப் போகிறேன். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து 43 தலைக்கும் எண் போட்டுவிட்டேன். இரண்டு அண்ணன்களும் வரலாம், ஆனால் அத்தை சொல்வதற்கு முன் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அத்தை ஒரு எண்ணில் விரல் வைத்தால் அந்த இடத்தை யாராவது உடனே படம் எடுக்க வேண்டும், பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். எனக்குப் போனில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரியாது.

மாணவச் செல்வங்களே, உங்கள் தாத்தாவோ பாட்டனோ நம் ஊர் மில்லில் 1950 வாக்கில் வேலை பார்த்திருந்தால் அவர் பெயரையும், அவர் தகப்பனார் பெயரையும், தெருப் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். அத்தையிடம் கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருக்கு எளிதாக நினைவு வரும். உங்கள் வீட்டுப் பழைய படங்களின் பின்பக்கத்தில் எழுதுவதானால் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எந்தப் பிள்ளைக்கு மம்சாபுரம் வர நேரம் இருக்கிறது? ராஜபாளையத்தில் இருந்து காலை 7:30க்குக் காரில் கிளம்புகிறோம். ஒரு இடம் காலியாக இருக்கிறது.